மறுபடியும் விண்ணப்பிக்கலாம்

என் அக்கா ஐந்து வாரம் எங்களோடு வந்து தங்க அனுமதி இல்லை என்று வந்த கடிதம் இரண்டே பக்கம். உங்கள் வருமானத்துக்குப் போதிய சான்று இல்லை. டிசம்பரில் உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்த பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. சொந்த நாட்டில் உங்களுக்கு உள்ள பிணைப்புகளை நீங்கள் நிறுவவில்லை. ஆகவே பயணம் முடிந்ததும் நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதில் எனக்குத் திருப்தி இல்லை. இப்படி நாலைந்து வாக்கியங்கள். கடைசியில் இரண்டு வரி. இந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவோ நிர்வாக மறுஆய்வு கேட்கவோ உங்களுக்கு உரிமை கிடையாது. விரும்பினால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

அந்தக் கடைசி இரண்டு வரியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2023 பிப்ரவரியில் எனக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. வால்தம்ஸ்டோ வீட்டில் நாங்கள் மூன்றே பேர். நான், வேலைக்குப் போகும் மனைவி, அப்போது பதினொரு வயதான மகள். எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்கு இருபது. எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து, முதுகலை படிக்க நான் லண்டன் வர நகையை அடகு வைத்தது வரை எல்லாம் அவள்தான். தம்பியின் நெஞ்சைப் பிளந்து தைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு ஊரில் இருப்புக்கொள்ளவில்லை. கோவில்பட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னையில் விரல் ரேகை கொடுத்து, அன்று இரவே அதே ரயிலில் திரும்பினாள். விசா கட்டணம் 100 பவுண்டு. அன்றைய கணக்கில் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்.

அக்கா வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அத்தான் இறந்து ஏழு வருடமாகிறது. அவருடைய அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. குளிப்பாட்டுவது, கஞ்சி கொடுப்பது, ராத்திரி எழுந்து பார்ப்பது எல்லாம் அக்கா. மகளிர் சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பெண்களின் கடன் கணக்கு இவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஐந்து வாரம் என்று கணக்குப் போட்டதே நாத்தனாரைக் கேட்டுத்தான். 'அம்மாவை அஞ்சு வாரம் பாத்துக்கிடுதேன் மதினி, அதுக்கு மேல முடியாது' என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். ஆக, அந்த ஊரில் அவளைக் கட்டிப்போட்டிருக்கும் கயிறு எதுவோ, அதுதான் அவளுடைய பயணத்தின் நீளத்தையே அளந்து கொடுத்தது.

விண்ணப்பத்தில் இதில் எதற்கும் இடமில்லை. வீட்டுப் பட்டா இன்னும் அத்தான் பெயரில் இருந்தது. மாவுக் காசு சில்லறையாக வரும், இப்போது கொஞ்சம் போனில் வரும். வருமான வரிக் கோப்பு கிடையாது. வங்கி இருப்பு பார்வையாக இருக்கட்டும் என்று டிசம்பரில் நான் அனுப்பிய இரண்டு லட்சம் ரூபாய்தான் அந்த 'விளங்காத பெரிய தொகை'.

போனில் கேட்டாள். "ஏல தம்பி, என்னத்த எழுதியிருக்கான்?"

"நீ திரும்பிப் போவன்னு அவங்களுக்கு நம்பிக்கை இல்லையாம்க்கா."

சிரித்துவிட்டாள். "அத்தைய யாரு குளிப்பாட்டுவா? அரிசிய யாரு ஊற வைப்பா? அங்கன வந்து உக்காந்து நான் என்னல செய்யப்போறேன்?"

இதைவிடத் தெளிவான பதில் ஒன்று இருக்க முடியாது. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பிரிட்டனில் அந்த ஆள் 2013 ஜூன் 25 முதல் இல்லை.

*

விதி என்ன சொல்கிறது என்று முதலில் நியாயமாகப் பார்ப்போம். பிரிட்டனின் குடிவரவு விதிகளில் வருகையாளர்களுக்கென்று ஒரு பின்னிணைப்பு உண்டு. பின்னிணைப்பு வி என்பார்கள். வருகிறவர் உண்மையான வருகையாளராக இருக்க வேண்டும், முடிவில் நாட்டை விட்டுப் போக வேண்டும், அடுத்தடுத்து வந்து இங்கேயே குடியிருப்பதாக ஆகிவிடக் கூடாது, செலவுக்குப் பணம் இருக்க வேண்டும், வேலை செய்யக் கூடாது. வழக்கமாக ஆறு மாதம் வரை தங்கலாம். இந்த நிபந்தனைகளில் ஒன்றிலும் எனக்குச் சண்டை இல்லை. எந்த நாடும் கேட்கக் கூடியவைதான்.

சண்டை, இவற்றை யார் எப்படித் தீர்மானிக்கிறார் என்பதில் இருக்கிறது. 'திரும்பிப் போவாரா' என்பது ஒருவருடைய மனத்தைப் பற்றிய கேள்வி. பெரும்பாலான விண்ணப்பங்களில் நேர்காணல் கிடையாது. அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கோ ஓர் அலுவலர் காகிதங்களைப் பார்த்து, 'இப்படியா அப்படியா, எதற்கு வாய்ப்பு அதிகம்' என்று நிறுத்துப் பார்க்கிறார். அந்த அலுவலரை நான் குறை சொல்லவில்லை. அவர் முன்னால் சம்பளச் சீட்டும் சொத்துப் பத்திரமும் இருந்தால் ஒரு மனுஷி தெரிவாள், இல்லாவிட்டால் தெரியமாட்டாள். மாதச் சம்பளமும் பெயரில் மனையும் உள்ள ஆணுக்கு ஊரோடு பிணைப்பு உண்டு என்று காகிதம் சொல்லும். வாழ்நாள் முழுக்க ஊரைவிட்டு நகர முடியாமல் இருந்த விதவைக்குப் பிணைப்பே இல்லை என்றும் அதே காகிதம் சொல்லும். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேரின் உழைப்புக்குக் காகிதம் இருக்கிறது?

அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும் கனடியரும் ஐரோப்பியரும் இதே விதிப்படி உண்மையான வருகையாளராக இருக்க வேண்டியவர்கள்தான். ஆனால் குறுகிய பயணத்துக்கு அவர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. இப்போது மின்னணு அனுமதி ஒன்று வாங்க வேண்டும், அதன் கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுண்டு ஆனது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. இந்தியரும் இலங்கையரும் கட்ட வேண்டிய ஆறு மாத விசாக் கட்டணம் அதே மாதம் 127 பவுண்டு ஆனது. மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது.

*

அறுவை சிகிச்சை முடிந்து நான் வீடு திரும்பியபோது ரசம் வைத்துக்கொண்டு வந்தவர் நான்கு வீடு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்து அன்ரி. அக்கா வராத கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நாங்கள் வரேக்கை விசா எண்டு ஒண்டும் இருக்கேல்லை, தம்பி. எண்பத்திநாலிலை ஹீத்ரோவிலை வந்து இறங்கின பிறகுதான் முத்திரை குத்தினவங்கள்."

உண்மைதான். 1983 ஜூலைக்குப் பிறகு தமிழர்கள் தப்பி வரத் தொடங்கியதும், 1985 மே மாதத்தில் இலங்கையருக்கு பிரிட்டன் விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடுகளில் முதன்முதலாக அந்தப் பூட்டு விழுந்தது இலங்கை மேல்தான். 1986இல் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கானா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளுக்கும் வந்தது. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய 58 தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்களில் சிலர் விமானத் தளத்திலேயே உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அதே ஆண்டு, சரியான விசா இல்லாத பயணியை ஏற்றிவந்தால் ஆளுக்கு 1,000 பவுண்டு தண்டம் என்று விமான நிறுவனங்களுக்கு எதிராகச் சட்டம் போட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்த என் போன்றவர்கள் இந்த வரலாற்றை நம்முடையதாக நினைப்பதில்லை. 'அது அகதிகள் பிரச்சினை, நாம் முறைப்படி வந்தவர்கள்' என்று ஒரு நினைப்பு. அகதியை வாசலுக்கு வரவிடாமல் தடுக்கச் செய்த பூட்டுத்தான் என் அக்காவையும் நிறுத்தியது. கோவில்பட்டியும் கொக்குவிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

அன்ரியிடம் இன்னொரு கதையும் இருந்தது. 2004இல் அவருடைய அம்மாவுக்கு, பேத்தியின் கல்யாணத்துக்கு வர விசா மறுத்தார்கள். அன்று மேல்முறையீட்டு உரிமை இருந்தது. வருகையாளர்களிடமிருந்து 1993இல் பறிக்கப்பட்ட அந்த உரிமை, குடும்பத்தைப் பார்க்க வருபவர்களுக்கு மட்டும் 2000 அக்டோபரில் திரும்பக் கிடைத்திருந்தது. முதலில் கட்டணம் வாங்கினார்கள், 2002இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்க, அழைத்தவர் என்ற முறையில் அன்ரி போய்ச் சாட்சி சொன்னார். உள்துறை அமைச்சின் சார்பில் ஒருவர் குறுக்கு விசாரணை செய்தார். தீர்ப்பாளர் அன்ரியைப் பார்த்து, உங்கள் அம்மா திரும்பிப் போவார் என்று நீங்கள் ஏன் நினைக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டாராம்.

"நான் சொன்னன், தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்விலை சாவகச்சேரிக்குப் போனவ, அடுத்த வரியமே வீடு பாக்க வேணுமெண்டு திரும்பி ஓடினவ. ஷெல்லுக்குப் பயந்து வீட்டை விடாத மனிசி, உங்கடை குளிருக்குள்ளை ஒளிச்சிருப்பாவோ எண்டு கேட்டன்."

மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது, தீர்ப்பாளர் சிரித்தாராம். மேல்முறையீடு வென்றது. ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடி, கல்யாணமும் முடிந்திருந்தது. அம்மா வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு வீடு பார்க்கத் திரும்பிப் போனார்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு மேசை, ஒரு மூன்றாம் மனிதர், ஒரு கேள்வி. மனுநீதிச் சோழன் வாசலில் பசுவுக்குக்கூட ஒரு மணி கட்டியிருந்ததாக நாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம்.

*

அந்த மணியைக் கழற்றியது ஒரே நாளில் நடக்கவில்லை. 2012 ஜூலை 9 அன்று இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, வயதான பெற்றோரைப் பிள்ளைகளோடு நிரந்தரமாகத் தங்க அழைத்துக்கொள்ளும் விதி. நீண்டநாள் தனிப்பட்ட பராமரிப்பு தேவைப்படும் நிலையில் இருக்க வேண்டும், அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்கவே கூடாது அல்லது கட்டுப்படியாகக் கூடாது என்று நெருக்கினார்கள். கிட்டத்தட்ட யாரும் நுழைய முடியாத வாசலாக அது ஆனது. இரண்டாவது, மேல்முறையீட்டுக்கு யார் யார் 'குடும்பம்' என்ற பட்டியல். அன்று முதல் மாமா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா, அண்ணன் மகன், தங்கை மகள் யாரும் குடும்பம் இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தும் சமூகத்துக்கு, தாய்மாமன் குடும்பம் இல்லை என்று சட்டம் சொன்னது. நாம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அடுத்த வருடம் ஜூனில் மிச்சமிருந்தவர்களின் உரிமையும் போனது. பெற்றோரை இங்கே வாழ வைக்க முடியாது என்று ஆக்கிய பிறகு, பார்க்க வருவதொன்றுதான் வழி. அந்த வழியில் தவறு நடந்தால் கேட்பாரில்லை என்றும் ஆக்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடம்கூட இடைவெளி இல்லை.

மனித உரிமை அடிப்படையில் மட்டும் வழக்குப் போட இன்னும் ஒரு சந்து இருக்கிறது. அங்கேயும் ஒரு தமிழ்ப் பெயர் குறுக்கே நிற்கிறது. தாயும் உடன்பிறந்தவர்களும் ஜெர்மனியில் இருக்க, பிரிட்டனில் தனியாக வாழ்ந்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு அது. வளர்ந்த பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையில் இயல்பான பாசத்துக்கு மேல் ஏதாவது சார்ந்திருத்தல் இருந்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் 'குடும்ப வாழ்க்கை' என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. குகதாஸ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. இன்றும் வளர்ந்த மகனும் தாயும், தம்பியும் அக்காவும் என்று வரும் வழக்குகளில் அந்தப் பெயரைத்தான் எடுத்து வைக்கிறார்கள். அந்தச் சந்தும் இல்லாவிட்டால் நீதிப் புனராய்வு. ஆயிரக்கணக்கான பவுண்டு செலவு செய்து, ஐந்து வாரப் பயணத்துக்காக யார் போடுவார்கள்?

*

மேல்முறையீடு எதற்கு, மறுபடி விண்ணப்பித்தால் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு என்பது அரசு அன்று சொன்ன வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். மேல்முறையீட்டுக்குப் பல மாதங்கள் ஆகும், விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் போதும். இந்த வாதத்தின் ஓட்டையை என் தொழில் எனக்குக் காட்டியது.

இருபது வருடமாக வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மென்பொருளைச் சோதித்துக் கொடுக்கிறேன். வடிகட்டும் எந்த அமைப்பிலும் இரண்டு வகைத் தவறு வரும். விடக் கூடாதவரை விட்டுவிடுவது ஒன்று, விட வேண்டியவரை நிறுத்திவிடுவது இன்னொன்று. முதல் தவறு தானாக வெளியே வரும். வந்தவர் திரும்பாவிட்டால் கணக்கில் ஏறும், பத்திரிகையில் வரும், அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது தவறு தானாக ஒருநாளும் வெளியே வராது. வராத அக்கா திரும்பியிருப்பாளா என்று எப்படிச் சோதிப்பது? வங்கி என் அட்டையைத் தவறாக முடக்கினால் நான் போன் செய்து கத்துவேன். அந்தக் கத்தல்தான் அமைப்பைத் திருத்துகிறது. போன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, புகார் எதுவும் வரவில்லை, ஆகவே தவறே நடக்கவில்லை என்று சொன்னால் எந்த வங்கியும் எனக்குச் சம்பளம் தராது.

உள்துறை அமைச்சு இதைக் கணினியிலும் செய்து பார்த்தது. 2015 முதல் விசா விண்ணப்பங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்க ஒரு நிரலைப் பயன்படுத்தினார்கள். எந்த நாட்டவர் என்பதும் அதில் ஓர் அளவுகோல். ஒரு நாட்டவரைச் சந்தேகப்பட்டு அதிகம் மறுத்தால், மறுப்பின் எண்ணிக்கை கூடும். அந்த எண்ணிக்கையே அடுத்த முறை சந்தேகத்துக்குக் காரணமாகும். இது இனப் பாகுபாடு என்று குடிவரவோர் நல அமைப்பு ஒன்றும் சட்ட அமைப்பு ஒன்றும் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றம் விசாரிக்கும் முன்பே, 2020 ஆகஸ்ட் 7 முதல் அந்த நிரலை நிறுத்துவதாக அமைச்சு ஒப்புக்கொண்டது. அதற்கு வழக்குத் தொடுக்க அமைப்புகள் இருந்தன. தனித்தனியாக மறுக்கப்பட்டவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

இனி என் அக்காவின் இரண்டாவது விண்ணப்பம். மாமியாரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நடந்து வாரிசுச் சான்று வாங்கினாள், பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றினாள். ஓர் ஆடிட்டரிடம் போய் வாழ்க்கையில் முதல்முறையாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தாள். சுய உதவிக் குழுவின் வங்கி மேலாளரிடம் கடிதம் வாங்கினாள். 2024 தொடக்கத்தில் மறுபடியும் நெல்லை எக்ஸ்பிரஸ், மறுபடியும் விரல் ரேகை. இந்த முறை 115 பவுண்டு. விசா கொடுத்துவிட்டார்கள்.

அவள் மாறவில்லை. மாமியார் மாறவில்லை, கிரைண்டர் மாறவில்லை, திரும்பிப் போக வேண்டிய காரணம் ஒன்றுகூட மாறவில்லை. கூடியது ஒரு கோப்பு மட்டும். அப்படியென்றால் முதல் முடிவு தவறு. அந்தத் தவறு எங்கே பதிவாகியிருக்கிறது? எங்கேயும் இல்லை. அதற்கு மாறாக, முதல் மறுப்புத்தான் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா என்று பிரிட்டன் படிவம் கேட்கிறது, கனடா படிவமும் கேட்கிறது. மறைத்தால் ஏமாற்று, பிரிட்டனில் பத்து வருடத் தடைகூட வரும். சொன்னால் சந்தேகம். மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஏப்ரலில் வந்தாள். என் நெஞ்சில் தழும்பைத் தடவிப் பார்த்தாள். அவள் இருக்க வேண்டிய நாட்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எங்கள் ஹை ஸ்ட்ரீட் சந்தையில், கிண்ணம் ஒரு பவுண்டு என்று காய்களைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இங்கன யாரும் எடை போட மாட்டாங்களா?" என்று கேட்டாள். நாலாவது வாரமே ஊரில் கோயில் கொடை என்று டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொல்லி, போய்விட்டாள். 2015 ஏப்ரல் முதல் நாட்டை விட்டு வெளியேறுபவர்களின் விவரங்களை அரசு சேகரிக்கிறது. அவள் போனது அவர்களுக்குத் தெரியும். முதல் கடிதம் தவறு என்பதற்கான சான்று அவர்கள் கணினியிலேயே இருக்கிறது.

*

எதிர்வாதங்கள் எனக்கும் தெரியும். வந்தவர்கள் சிலர் திரும்புவதில்லை என்பார்கள். உண்மை, நமக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு. அதற்காகத்தான் பரிசோதனை இருக்கிறது. பரிசோதித்தவரை இன்னொருவர் பரிசோதிப்பதால் யாருக்கும் விசா தானாகக் கிடைத்துவிடாது. விசா உரிமை இல்லை, சலுகை என்பார்கள். இருக்கட்டும். சலுகையை மறுக்கும்போது நியாயமாக மறுக்க வேண்டும் என்பது உரிமைதான். மேல்முறையீட்டில் புதிய ஆதாரம் காட்டித்தான் வென்றார்கள் என்பார்கள். அப்படியானால் மறுக்கும் முன்பே அந்த ஆதாரத்தைக் கேட்கலாமே. இந்த இரண்டு லட்சம் யார் அனுப்பியது என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்திருந்தால் அன்று மாலையே பதில் போயிருக்கும்.

மற்ற நாடுகளில் இது நடக்கிறது. ஷெங்கன் விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யும் உரிமையை 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய விசா சட்டம் கொடுத்திருக்கிறது. பாரிஸில் இருக்கும் நம் உறவுக்கு உள்ள வழி லண்டனில் இருக்கும் நமக்கு இல்லை. கனடாவில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா என்று ஒன்று 2011 டிசம்பரிலிருந்து உண்டு. 2022 ஜூலையிலிருந்து ஒரே வருகையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். அந்த நாடுகள் கவிழ்ந்துவிடவில்லை.

அரசைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 2013இல் இந்தியா, இலங்கை உட்பட ஆறு நாட்டு வருகையாளர்களில் சிலரிடம் 3,000 பவுண்டு பிணைத்தொகை வாங்க அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே திட்டமிட்டார். எதிர்ப்புக் கிளம்பி, அதே வருடம் நவம்பரில் கைவிட்டார்கள். பணப் பிணை போயிற்று. ஆனால் நாமாகவே ஆள் பிணை வைக்கக் கற்றுக்கொண்டோம். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போடாதே, ஒருத்தரை ஊரில் விட்டுவிட்டு ஒருத்தருக்குப் போடு, அப்போதுதான் திரும்புவார்கள் என்று நம்புவான். இந்த அறிவுரையை எனக்குச் சொன்னவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த இருவரில் ஒருவர் பேரனைப் பார்க்க வர, மற்றவர் ஈடாக வீட்டில் கிடக்கிறார். இதைச் சாமர்த்தியம் என்று பேசிக்கொள்கிறோம்.

மறுப்பு வந்தால் அதை அவமானம்போல மறைக்கிறோம். பெட்ஃபர்ட் ரோடு கற்பக விநாயகர் கோயிலில், உங்கள் அக்கா வரவில்லையா என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் சொன்னது, 'அவங்க மாமியாருக்கு உடம்புக்கு முடியல'. எல்லோரும் இப்படியே சொல்வதால், எத்தனை வீட்டில் இந்தக் கடிதம் இருக்கிறது என்று நமக்கே தெரியாது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சுத்தமாகத் தெரியாது. பெரியம்மா ஏன் என் பிறந்தநாளுக்கு வரவே இல்லை என்று அவர்கள் கேட்டால், பெரியம்மாவுக்கு வேலை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, வர விருப்பமில்லாத பெரியம்மா என்றே அவளை நினைவில் வைத்திருப்பார்கள்.

2024 ஆகஸ்ட் 7 மாலை, குடிவரவு வழக்கறிஞர் அலுவலகங்களைத் தாக்க வருவதாகச் செய்தி பரவி, வால்தம்ஸ்டோ ஹோ ஸ்ட்ரீட்டில் ஆயிரக்கணக்கானோர் எதிர்த்துத் திரண்டு நின்றார்கள். வந்தது எங்கள் பக்கம் நின்றவர்கள்தான். நானும் மகளும் அங்கே இருந்தோம். அடுத்த நாள் அக்காவுக்கு அந்தக் காணொளியை அனுப்பினேன். பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "இம்புட்டு சனம் நம்ம பக்கம் நிக்குதே. அப்ப என்னய வேண்டாம்னு எழுதுனது யாரு?"

எனக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது. தெருவில் நின்றவர்களுக்கு இப்படி ஒரு கடிதம் இருப்பதே தெரியாது. நாம் சொல்லவில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள். குடும்பத்தைப் பார்க்க வருபவர்களுக்கு 2013இல் பறித்த மேல்முறையீட்டு உரிமையைத் திருப்பித் தர வேண்டும். கட்டணம் வேண்டுமானால் வாங்கட்டும், வென்றால் திருப்பித் தரட்டும். மறுக்கும் முன், சந்தேகம் எது என்று சொல்லிப் பதில் கேட்க வேண்டும். ஒருமுறை மறுக்கப்பட்டுப் பிறகு விசா பெற்று, சொன்ன தேதிக்குள் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூன்றாவது நடந்தாலே முதலிரண்டும் தானாக வரும் என்பது என் தொழில் அனுபவம்.

இங்கே வாக்குரிமை உள்ளவர்கள் நாம். மற்ற ஊர்களில் இருக்கும் வாசகர்களுக்கும் அந்தந்த நாட்டில் இதே போன்ற ஒரு கடிதம் இருக்கும். அலமாரியில் மடித்து வைத்திருக்கும் அதை எடுங்கள். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் ஆங்கிலம் நம்மைவிட நல்ல ஆங்கிலம், நாடாளுமன்ற உறுப்பினருக்கு அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு என் மகள் எழுதிவிட்டாள். அத்தைக்கு வந்த மறுப்பையும், அதன் பிறகு வந்த விசாவையும், திரும்பிப் போன விமான டிக்கெட்டையும் சேர்த்து இணைத்திருக்கிறாள்.